ஒரே கண்மாய், இரண்டு அடுப்பு: சிறு விவசாயி வீட்டுச் சாப்பாட்டை எது தீர்மானிக்கிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கண்மாய், ஒரே மடை, அடுத்தடுத்து இரண்டு வீடு, இரண்டு பேருக்கும் மூன்று மூன்று ஏக்கர். மழை பெய்தால் இருவருக்கும் பெய்கிறது, பொய்த்தால் இருவருக்கும் பொய்க்கிறது. ரேஷன் கடையும் ஒன்றுதான். ஆனால் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு அடுப்படியையும் எட்டிப் பார்த்தால் ஒரு வீட்டில் பருப்புக் குழம்பு, அவித்த முட்டை. இன்னொரு வீட்டில் பழைய சோறு, வறுத்த மிளகாய் ஒன்று, அவ்வளவுதான். இந்த இரண்டு குடும்பமும் விளக்கத்துக்காக நான் உருவாக்கியவை. இருந்தாலும் அந்தப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "யார் வீட்டைச் சொல்றீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உணவுப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே நாம் விளைச்சலுக்குப் போய்விடுகிறோம். எத்தனை மூட்டை, என்ன ரகம், உரம் கிடைத்ததா, மழை எத்தனை மில்லிமீட்டர். 1996-ல் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாடு கொடுத்த வரையறை இதைவிட விரிவானது: எல்லோருக்கும், எல்லாக் காலத்திலும், சத்தான, போதுமான உணவு கைக்கு எட்ட வேண்டும். அந்த வரையறையில் "எல்லாக் காலத்திலும்", "கைக்கு எட்ட" என்கிற இரண்டு இடங்கள்தான் ஒரு குடும்பத்தின் வாசலுக்குள் நுழைகின்றன. மற்றதை ஊர் தீர்மானிக்கும், அரசு தீர்மானிக்கும், வானம் தீர்மானிக்கும். இந்த இரண்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

முதலில் அரிசிக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீடு, மாதம் 45 கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 540 கிலோ. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும். ஆக, தேவை 830 கிலோ நெல். மழை ஒழுங்காகப் பெய்த வருடத்தில் ஒரு ஏக்கர் மானாவாரியே இதைக் கொடுத்துவிடும். பொய்த்த வருடத்திலும் ரேஷன் கடையில் 2011 முதல் அரிசிக்குக் காசு வாங்குவதில்லை. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை என்றால் வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ. 2016-ல் வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய அறுபது சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்த அந்த மோசமான வருடத்தில்கூட இந்தப் பக்கம் சோறு இல்லாமல் போகவில்லை. தாது வருடப் பஞ்சம் என்று தாத்தாக்கள் சொன்ன கதையோடு ஒப்பிட்டால் இது சாதாரண விஷயமே இல்லை.

சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டினால் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, தட்டில் சோற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் தட்டின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது. ஆகவே இங்கே ஒரு சிறு விவசாயி வீட்டின் உணவுப் பாதுகாப்பு என்பது பருப்பு, முட்டை, பால், கீரை, மீன் இவை வாரத்தில் எத்தனை நாள் அடுப்பேறுகின்றன என்ற கேள்வி. இவற்றில் பெரும்பாலானவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கேள்வி அப்படியே காசுக்குத் திரும்பிவிடுகிறது: எப்போது வருகிறது, யார் கையில் வருகிறது.

எப்போது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது இந்தப் பக்கம் வெறும் ஆறுதல் வார்த்தை கிடையாது, ரொக்கக் கணக்கு. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல் தையில் அறுவடைக்கு வரும். முண்டு மிளகாய் போட்டவர்களுக்கு அதற்குப் பிறகு பழம் எடுக்க ஆரம்பித்து சித்திரை தாண்டியும் ஓடும். கண்மாயில் தண்ணீர் மிச்சமிருந்தால் கொஞ்சம் பருத்தி. ஆக, வருமானம் என்பது தையிலிருந்து வைகாசி வரைக்கும். செலவு எப்போது? ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும், நோட்டு, சீருடை, பஸ், ஆடியில் குலதெய்வக் கோயில், மொய், ஆவணியில் உழவு, டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை, புரட்டாசியில் விதை, ஐப்பசியில் களை எடுக்க ஆள் கூலி, உரம், அதோடு தீபாவளி. கார்த்திகை, மார்கழியில் பயிர் கதிர் வாங்கி நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், வீட்டில் பத்து ரூபாய் இருக்காது. வருடத்தில் ஐந்தாறு மாதம் இப்படி இழுபறி. மூன்று ஏக்கரில் வருடத்துக்கு எவ்வளவு வருமானம் என்று கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து "மாதம் இவ்வளவு, பரவாயில்லையே" என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் ஐப்பசி மாதத்துக் கையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளியை எப்படித் தாண்டுகிறது என்பதில்தான் முதல் வீடும் இரண்டாம் வீடும் பிரிகின்றன. முதல் வீட்டில் சொசைட்டியில் நகையை வைத்துக் கடன் வாங்க ஒரு சங்கிலி இருக்கிறது. இரண்டாம் வீட்டில் அது போன கல்யாணத்திலேயே போய்விட்டது. அவர்கள் தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 20,000 வாங்குகிறார்கள். மாதம் 600, ஆறு மாதத்தில் 3,600. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்தான், ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அது பத்து நாளில் தீர்ந்துவிடும், வெளியில் வாங்கினால் நாலைந்து மடங்கு விற்ற வருடங்கள் எல்லாம் உண்டு. அந்த 3,600 ரூபாய் என்பது அந்த ஆறு மாதத்துப் பருப்பும் முட்டையும்தான். கடன் வட்டியாகப் போனது என்று நோட்டில் எழுதுகிறோம், உண்மையில் அது தட்டிலிருந்து போனது.

மிளகாயில் இன்னொரு வகைக் கட்டு உண்டு. விதைப்புக்கு, உரத்துக்கு கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் வற்றலை அந்தக் கடையிலேயே போட வேண்டும். பரமக்குடியில் விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்பதெல்லாம் முன்பணம் வாங்காதவருக்கு. முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம்தான், சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெயரால் கூடுகிற விலை, வற்றலை இரண்டு மாதம் வீட்டில் வைத்திருக்கத் தெம்புள்ளவருக்கு முதலில் போகும். நெல்லும் இப்படித்தான். அந்தக் காலத்துக் குலுக்கையில், அதாவது நெல் கொட்டி வைக்கிற குதிரில், ஆறேழு மாதச் சாப்பாடும் விதையும் சேர்ந்தே கிடந்தன. இப்போது அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் சாயங்காலமே மூட்டை லாரியில் ஏறிவிடுகிறது, ஏனென்றால் இயந்திர வாடகையே அந்த நெல்லில் இருந்துதான் கொடுக்க வேண்டும். வீட்டில் நாலு மூட்டை நிறுத்தி வைக்கிறவர் யார் என்று பாருங்கள், அவர் வீட்டில் வேறு ஏதோ ஒரு ரொக்க வரவு இருக்கும்.

அப்புறம், யார் கையில். இது நம் ஆட்கள் சங்கடப்பட்டுக்கொண்டு தாண்டிப் போகிற இடம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஒரு வீட்டுக்குள் வருகிற காசெல்லாம் ஒரே காசு இல்லை. மிளகாய் மண்டிக் காசு ஆண் கையில் மொத்தமாக வரும். கடன், டிராக்டர் பாக்கி, மொய், கொஞ்சம் டாஸ்மாக் என்று மொத்தமாகவே கரையும். பால் ஊற்றிய காசு, முட்டை விற்ற காசு, குட்டி ஆடு விற்றதில் ஒரு பங்கு, நூறு நாள் வேலைக் கூலி இவையெல்லாம் சில்லறையாகப் பெண் கையில் வந்து, சில்லறையாகவே எண்ணெய், பருப்பு, பிள்ளைக்கு மருந்து என்று போகும். இது நம் ஊர்க் கதை மட்டும் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் ஒரே குடும்பத்துக்குள் ஆண்கள் பயிர், பெண்கள் பயிர் என்று தனித்தனியாக உண்டு. அங்கே எஸ்தர் டூஃப்லோ, கிறிஸ்டோபர் உட்ரி இருவரும் செய்த ஆய்வு ஒன்றில், பெண்கள் பயிருக்கு மழை தோதாக அமைந்த வருடங்களில் வீட்டுச் செலவு சாப்பாட்டுப் பக்கம் சாய்ந்தது. வீட்டின் மொத்த வருமானம் எவ்வளவு என்பதோடு, அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதும் தட்டில் தெரிகிறது.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் பெண் பெயரில் உள்ள கணக்குக்கே போகிறது. நில வரம்பு ஐந்து ஏக்கர் நஞ்சை, பத்து ஏக்கர் புஞ்சை என்பதால் சிறு விவசாயி வீடுகள் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கிண்டல் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசின் பலம் அளவில் இல்லை, தேதியில் இருக்கிறது. கார்த்திகையிலும் வருகிறது, மார்கழியிலும் வருகிறது. மூன்று வட்டிக்கு வாங்குகிற முதல் ஆயிரத்தை அது தடுத்துவிடுகிறது. ஆனால் எல்லா வீட்டிலும் அது பருப்பாக மாறும் என்று நினைத்துவிடக் கூடாது. வாரக் குழுத் தவணை இரண்டு மூன்று ஓடுகிற வீட்டில் காசு வந்த அன்றே தவணைக்காரர் வாசலில் நிற்பார்.

காசு பெண் கையில் வந்தாலும் சோறு கடைசியாகத்தான் அவள் தட்டில் விழும் என்பது இன்னொரு பக்கம். மாமனார், புருஷன், பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சிய குழம்பில் காய் இருக்காது. முட்டை நாலுதான் இருந்தால் ஐந்தாவது ஆள் யார் என்று கேட்கவே தேவையில்லை. குடும்பத்தை ஒரே அலகாக வைத்து "இந்தக் குடும்பம் உணவுப் பாதுகாப்புடன் உள்ளது" என்று டிக் அடிக்கிற கணக்கில் இது விழவே விழாது.

வீட்டில் எத்தனை வாய், எத்தனை கை என்பது பழைய கேள்வி. ரஷ்யாவில் அலெக்சாண்டர் சயானோவ் என்கிற வேளாண் பொருளியலாளர் நூறு வருடம் முன்பே சொன்னது: விவசாயக் குடும்பத்தின் கஷ்டமும் சௌகரியமும் சாப்பிடுகிறவர்களுக்கும் உழைக்கிறவர்களுக்கும் உள்ள விகிதத்தோடு ஏறி இறங்கும், கல்யாணம் ஆன புதிதில் இரண்டு வாய் நாலு கை, பத்து வருடத்தில் ஆறு வாய் அதே நாலு கை, பிள்ளைகள் தலையெடுத்ததும் மறுபடி லேசாகும். ஸ்டாலின் காலத்தில் அந்த மனிதரை 1937-ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், அது தனிக் கதை. அவர் கணக்கு ராமநாதபுரத்துக்கு அப்படியே பொருந்துகிறது, ஒரு திருத்தத்தோடு: இங்கே தலையெடுத்த பிள்ளை வயலுக்கு வருவதில்லை, திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போகிறான். கை குறைகிறது, ஆனால் மாதா மாதம் காசு வருகிறது. மேலே சொன்ன முதல் வீட்டை நீங்கள் நேரில் போய் விசாரித்தால் முக்கால்வாசி சமயம் விஷயம் இதுதான், மூத்தவன் வெளியில் இருப்பான். விவசாயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று ஊர் சொல்லும், கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கும் ஐப்பசியில் உரம் வாங்கக் காசு வேண்டுமே. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போன வீட்டில் முதல் ஒன்றிரண்டு வருடம் நிலைமை தலைகீழ், கை போனது போனதுதான், காசும் கடனுக்கே போகும்.

ஆடு, கோழி, மாடு பற்றி ஒரு வார்த்தை. இவை நடமாடும் நகை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கிடாக்குட்டி, தீபாவளிக்கு ஒன்று. ஆனால் வறட்சி வந்தால் ஊரே விற்கும், வியாபாரிக்கும் அது தெரியும், அதனால் தேவை அதிகமாக இருக்கும் மாதத்தில்தான் ஆட்டு விலை அடிமட்டத்துக்குப் போகும். பஞ்சங்களைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் காட்டிய விஷயம் இது. தானியம் ஊரில் இருக்கும், அதை வாங்க விற்கிற பொருளின் விலை செத்துப்போகும். அந்த வகையில் நம்மாட்கள் எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேலம் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது. தண்ணீரை உறிஞ்சுகிறது, கண்மாயைக் கெடுக்கிறது என்று வெட்டச் சொல்கிறோம், நியாயம்தான். ஆனால் தரிசாக விட்ட புஞ்சையில் மூன்று நாலு வருடம் வளர்ந்ததை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால் மழை இல்லாத வருடத்திலும் காசு வருகிறது. நிலம் இருந்தும் பயிர் வைக்காமல் கருவேலத்தை விட்டுவைத்திருக்கிறவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் இதையும் யோசிக்கலாம்.

பட்டா யார் பேரில் என்பது வெளியூர்க்காரர்கள் கவனிக்காத விஷயம். தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். அதிலும் பல வீட்டில் பட்டா இன்னும் தாத்தா பேரில், அல்லது அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவில். வருடம் 6,000 ரூபாய் மூன்று தவணையாகத் தருகிற மத்திய அரசின் பி.எம். கிசான் உதவி பட்டாவில் உள்ள பேரைப் பார்த்துத்தான் வரும். பயிர்க் காப்பீட்டுக்குக் காப்பீட்டுத் தொகையில் நெல்லுக்கு 1.5 சதவீதம், மிளகாய்க்கு 5 சதவீதம் கட்டினால் போதும், ஆனால் அடங்கல் வேண்டும், சிட்டா வேண்டும். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவருக்கு, புருஷன் செத்துப்போய் பேர் மாற்றாமல் இருக்கிற பெண்ணுக்கு இந்தக் கதவுகள் எல்லாம் பாதிதான் திறக்கும். 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் திருத்தியாயிற்று. ஊரில் எத்தனை பட்டா பெண் பேரில் இருக்கிறது என்று எண்ணுவதற்கு இரண்டு கை விரல் போதும் என்கிற கிராமங்கள்தான் அதிகம்.

பல பயிர் வைத்தால் சத்தான சாப்பாடு தானாக வந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு, எனக்கும் அது பிடித்த வாதம்தான். கம்பு, கேழ்வரகு, வரப்பில் தட்டைப்பயறு, கொல்லையில் முருங்கை, அவரை. ஆனால் இந்தோனேசியா, கென்யா, எத்தியோப்பியா, மலாவி நாடுகளின் சிறு விவசாயக் குடும்பங்களை வைத்து 2015-ல் வந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்தது: பயிர் வகை கூடினால் சில இடங்களில் சாப்பாட்டு வகையும் கூடுகிறது, எல்லா இடத்திலும் இல்லை, சந்தை பக்கத்தில் இருப்பது பல சமயம் அதைவிட அதிகம் உதவுகிறது. எனக்கென்னவோ நம் பக்கத்துக்கு முருங்கையும் ஏழெட்டு நாட்டுக்கோழியும் தனிக் கணக்கில் வைக்க வேண்டியவை என்று தோன்றுகிறது. அவை பெண்ணின் பொறுப்பு, மண்டிக்குப் போகாதவை, கேட்காமலே அடுப்புக்கு வருபவை. கொல்லையில் தண்ணீர் ஊற்ற முடிந்த வீட்டுக்கு மட்டும். தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு குடிதண்ணீருக்கே அலைகிற தெருவில் போய் வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று வகுப்பெடுத்தால் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பள்ளிக்கூடம் பெரிய சுமையை வாங்கிக்கொள்கிறது. 1956 முதல் மதிய உணவு, இப்போது அதோடு முட்டை, 2022-ல் தொடங்கி அடுத்த வருடம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க விரிந்த காலை உணவு. கார்த்திகையில் இரண்டாம் வீட்டுப் பிள்ளை முட்டை சாப்பிடுகிறது என்றால் அது பள்ளிக்கூடத்து முட்டை. கோடை விடுமுறை தவிர. பால்வாடி வயதைத் தொடாத குழந்தைக்கும் அதன் அம்மாவுக்கும் அந்த முட்டை வராது.

கடைசியாக, இதையெல்லாம் அளக்கிற விதம். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கேள்வித்தாளில் எட்டுக் கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதத்தில் காசில்லாமல் சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்று ஆரம்பித்து, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதுவரை. நல்ல கேள்விகள். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்து குடும்பத் தலைவரைக் கேட்பார். அவர் "சாப்பாட்டுக்கு என்னங்க குறை, நாங்க விவசாயி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் தட்டில் குறை இல்லை. தை மாதத்தில் கேட்டால் பதில் இன்னும் பலமாக வரும். அதே கேள்வியை மார்கழியில், அடுப்படிப் பக்கம் போய், அந்த வீட்டுப் பெண்ணிடம் "நேத்து ராத்திரி நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் வீட்டில் என்ன சமைத்தோம் என்று சொல்வார். சமைத்ததை இல்லை, நீங்கள் சாப்பிட்டதைக் கேட்கிறேன் என்று இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கும்.